நெருப்புக்கு அஞ்சாத மண்

மனிதன் நெருப்பின் துணைகொண்டு ஆக்கிய முதற் பொருள்களுள் மட்கலமும் ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இக்கலை புதிதன்று. கந்தரோடையில் 1917ஆம் ஆண்டு தொடக்கம் போல் பீரிஸ் அவர்கள் நடத்திய ஆய்வுகளும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் நடத்திய அகழ்வும், 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வும் கறுப்பும் சிவப்புமான பழைய மட்கலங்களை வெளிக்கொணர்ந்தன. அக்கலங்களோடு ஒருங்கே இருந்த மரமும் துணியும் மண்ணோடு மண்ணாயின; இரும்பு துருவேறிக் கரைந்தது. சுட்ட மண் மட்டும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கழிந்தும் சிதையாது கிடந்தது. இந்த நிலைபேற்றுக்குக் காரணம் யாது? அதே குணத்தை இன்றைய யந்திர உலகம் எங்ஙனம் பயன்கொள்கின்றது? இப்பேச்சு ஆராயப் புகுவது இவ்விரு வினாக்களையுமே.

ஆங்கிலத்தில் செராமிக் என வழங்கும் சொல், குயவனின் மண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பானை, ஓடு, செங்கல், பீங்கான் ஆகிய யாவும் அவ்வினத்தனவே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் இக்குடும்பத்தில் ஒரு புதிய கிளை தோன்றிற்று. வயலிலே தோண்டிய களியை அவ்வாறே பிசையாமல், இரசாயன முறையாற் சுத்திசெய்த ஒரே வகைப் பொடியை மூலப்பொருளாகக் கொண்டு, துல்லியமான அளவும் குறித்த குணமும் உடைய யந்திர உறுப்புகளைச் சுட்டெடுப்பது அக்கிளை. அதனை நுண்பீங்கான் என்று குறிப்பிடலாம். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அலுமினா, சிலிக்கனும் காபனும் சேர்ந்த சிலிக்கன் காபைட்டு, சிலிக்கனும் நைதரசனும் சேர்ந்த சிலிக்கன் நைத்திரைட்டு, சேர்க்கோனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்க்கோனியா என்னும் நான்கும் அதன் முதன்மையான வகைகள்.

இவற்றின் வலிமையும் குறையும் ஒரே காரணத்தாற் பிறப்பன. உலோகத்திலே அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. சம்மட்டியால் அடிக்கும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மீது வழுக்கிச் செல்லும். ஆகவே இரும்பு வளையும், செம்பு தகடாகும். நுண்பீங்கானில் அணுக்களின் பிணைப்பு மிக இறுக்கமானது. வழுக்கிச் செல்ல இடம் கொடாதது. அதனாற்றான் அது தேயாது, கீறுபடாது, பெருவெப்பத்திலும் உருகாது. அதனாற்றான் அது வளையவும் மாட்டாது. தாங்கும் எல்லை கடந்தவுடன் முறிந்துவிடும். துருவைப் பற்றிய கவலையும் அதற்கில்லை. துருப்பிடித்தல் என்பது இரும்பு ஒட்சிசனோடு சேர்தலே. அலுமினாவோ ஒட்சிசனோடு முன்னரே சேர்ந்து முடிந்த பொருள். உப்புக் காற்று அதனிடம் மேலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதனைச் சில எண்களாலும் விளக்கலாம். இரும்பு உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 1538 பாகை செல்சியஸ். அலுமினா உருகுவது 2000 பாகைக்கும் மேலே. கனிப்பொருள்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுத்திட்டத்தில் வைரத்துக்குப் பத்து, அலுமினாவுக்கு ஒன்பது. உருக்கின் அடர்த்தி நீரினதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அலுமினாவினது நான்கு மடங்கு. சிலிக்கன் காபைட்டும் சிலிக்கன் நைத்திரைட்டும் மூன்று மடங்கை அடுத்தவை. எனவே உருக்கிலும் கடினமானதும், உருக்கிற் பாதி நிறையும் இல்லாததுமான உறுப்புகள் கிடைக்கின்றன.

பெருவெப்பத்தைத் தாங்கும் மட்பொருள் இல்லையேற் பெருந்தொழில் இல்லை என்பதற்குக் குடாநாட்டிலேயே தக்க சான்று உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்திற் கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம். குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லும் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணுமே அத்தொழிற்சாலையின் மூலப்பொருள்கள். சீமெந்து ஆக்கும் சூளை, சற்றே சரிவாகக் கிடந்து மெல்லச் சுழலும் நீண்ட உருக்குக் குழாய். அதனுள்ளே சுண்ணாம்பும் களியும் ஏறத்தாழ 1450 பாகை வரை சூடேறிச் சேர்ந்தாலன்றிச் சீமெந்துக்கான கட்டி உருவாகாது. சுடரின் வெப்பமோ 2000 பாகையை எட்டும். உருக்கு அறுநூறு பாகை அளவிலேயே தன் வலிமையிற் பாதியை இழந்துவிடும் பொருள். அவ்வாறாயின் அக்குழாய் எவ்வாறு நிலைத்தது? உட்புறத்திலே பதித்த தீத்தாங்கு கற்களே அதனைக் காத்தன. அலுமினா மிகுந்த கற்களும் மகனீசியாக் கற்களும் இத்தகைய சூளைகளுக்குக் கவசமாகின்றன. புறத்தே நிற்பவன் காண்பது சுழலும் உருக்கை. வெப்பத்தோடு போராடுவதோ உள்ளேயிருக்கும் மண்.

இக்கற்களுக்கும் ஒரு பகை உண்டு. அது வெப்பத்தின் அளவைக் காட்டிலும் வெப்பத்தின் திடீர் மாற்றமே. சூளையை அணைத்து மீண்டும் மூட்டும்போதெல்லாம் கற்கள் சுருங்கி விரிந்து வெடிக்கின்றன. ஆகையாற் சீமெந்துச் சூளைகள் இரவும் பகலும் ஓயாது எரிவிக்கப்படுகின்றன. காங்கேசன்துறைச் சூளைகளை அணைத்தது பழுதன்று, போர். 1990இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரத்து நானூறு பாகையிற் பணிபுரியும் அறிவு குடாநாட்டு மக்கள் பலரின் அன்றாடத் தொழிலாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. தொழிற்சாலையை இழந்தது பெரிய இழப்பு. அதனைச் சூழ்ந்து வளர்ந்த கைத்திறன் சிதறிப்போனது அதனினும் பெரிய இழப்பு.

பெரிய சூளையை விடுத்துச் சிறிய உறுப்பொன்றைக் காண்போம். மோட்டார் சைக்கிளிலும், மீன்பிடிப் படகின் வெளியிணைப்பு இயந்திரத்திலும், தோட்டத்து மண்ணெண்ணெய்ப் பம்பிலும் ஸ்பார்க் பிளக் என்னும் உறுப்பு உண்டு. அதன் வெண்ணிறமான பகுதி சாதாரணப் பீங்கான் அன்று; பெரும்பாலும் அலுமினாவாலானது. ஆதியிலே பீங்கானே பயன்பட்டது. யந்திரங்களின் வேகமும் வெப்பமும் பெருகவே பீங்கான் தாங்காமற் போயிற்று. 1930களில் ஜெர்மனியின் சீமன்ஸ் நிறுவனம் சுட்டு இறுக்கிய அலுமினாவை இவ்வேலைக்குக் கொண்டுவந்தது. அவ்வெண்குழாய் ஒரு பக்கத்தில் இருபதினாயிரம் வோல்ற்று அளவான மின்னழுத்தத்தைக் கசியவிடாது காக்க வேண்டும். மறுபக்கத்தில் ஒவ்வோர் எரிப்பின்போதும் 2000 பாகை கடந்த தீயையும், அதனைத் தொடர்ந்து உட்புகும் குளிர்ந்த காற்றையும் தாங்க வேண்டும்.

1990களின் முற்பகுதியிலே பெற்றோல் கிடைத்தற்கரிதாகி, குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தை மூத்தோர் மறவார். மண்ணெண்ணெய் முற்றாக எரியாது கரி படியவிடும். கரி மின்னைக் கடத்தும் பொருளாதலால், வெண்குழாயின் மேற்பரப்பில் அது படிந்தவுடன் மின்னானது பொறியாகப் பாயாமற் கரி வழியே ஒழுகிப்போகும், யந்திரம் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டியதும் அது மறுபடி இயங்கியதற்குக் காரணம், அழுக்கு மேலே படிந்ததேயன்றி அலுமினாவைப் பற்றவில்லை என்பதே. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. கல்லின்மேல் விழுந்த பிளக் கண்ணுக்குக் குறையற்றதாகத் தோன்றினும், உள்ளே மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்பட்டிருக்கலாம். அத்தகையதை யந்திரத்திற் பூட்டாது விடுவதே அறிவுடைமை.

குடாநாட்டு வேளாண்மையின் உயிர்நாடி கிணறு. துலாவும் சூத்திரமும் நீர் இறைத்த இடத்தை இன்று பம்புகள் பிடித்துக்கொண்டன. சுழலும் தண்டின் வழியே நீர் கசியாதிருக்கப் பம்பினுள்ளே இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் பொருந்தி உராய்கின்றன. ஒன்று பெரும்பாலும் காபன். மற்றையது அலுமினா அல்லது சிலிக்கன் காபைட்டு. இவற்றின் இடையே மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று நின்று, எண்ணெய் போல உராய்வைத் தணிக்கின்றது. நீரில் மணலும் சுண்ணத் துகளும் கலந்திருக்குமாயின் இரு வளையங்களையும் சிலிக்கன் காபைட்டினாற் செய்வதே தக்கது. இந்தச் சிலிக்கன் காபைட்டு 1891இல் அமெரிக்கரான எட்வேட் அச்செசன் என்பவரால் களியையும் கற்கரியையும் மின்னாற் சூடாக்கி ஆக்கப்பட்டது. சாணைக்கல்லின் பொருளாகப் பலரும் அறிந்தது.

கமக்காரர் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. கோடையிற் கிணறு வற்றி, நீரின்றியே பம்பு ஓடுமாயின், வளையங்களிடையே உள்ள நீர்ப்படலம் மறைந்து சில நிமிடத்திலேயே அவை கொதிப்பேறும். அதன்பின் ஊற்றெடுத்த தண்ணீர் திடீரெனப் பட்டால், சுட்ட கண்ணாடிக் குவளையிற் குளிர்ந்த நீர் வார்த்தாற் போல அலுமினா வளையம் வெடித்துவிடும். பம்பு ஒழுகுவதைக் கண்டு உற்பத்தியாளரைக் குறைகூறுவதற்குமுன், அது வறண்டு ஓடியதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீரின்றி ஓடிய பம்பை நிறுத்திச் சற்று ஆறவிட்டபின் நீர் ஊற்றி இயக்குவது, காசு செலவில்லாத வைத்தியம்.

கிணற்று நீர் உவராகிவரும் இடங்களுக்குக் கடல்நீரே நன்னீராகவேண்டிய நிலையும் வந்துவிட்டது. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் ஆக்கவல்ல கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களிற் கடல்நீர் வளிமண்டல அமுக்கத்தின் அறுபது எழுபது மடங்கு அமுக்கத்தோடு நுண்ணிய சவ்வுகளினூடே செலுத்தப்படுகின்றது. அதிற் பாதிக்கும் குறைந்த பங்கே நன்னீராகிறது. எஞ்சிய உப்புநீர் தன் அமுக்கத்தைப் பெரும்பாலும் இழக்காமலே வெளியேறுகின்றது. அந்த ஆற்றலை வீணே கடலில் விடுவது பொருளைக் கடலில் எறிவதற்கு ஒப்பாகும். அதனை மீட்கும் சாதனங்களுட் சிறந்த ஒன்று, பல துளைகள் கொண்ட ஓர் அலுமினா உருளை. வெளியேறும் உப்புநீரின் அமுக்கத்தை, உள்ளே வரும் புதிய கடல்நீருக்கு அது சுழன்று சுழன்று கைமாற்றிக் கொடுக்கின்றது. அவ்வுருளைக்குத் தண்டுமில்லை, மசகெண்ணெயுமில்லை; மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் நிற்கும் கடல்நீரே அதனைத் தாங்குகின்றது. அந்த வேகத்திலே, அந்த உப்பிலே உருக்கு உராய்ந்தும் அரித்தும் போயிருக்கும். இவ்வகைச் சாதனங்களின் பயனாக, ஒரு கனமீற்றர் நன்னீருக்கு வேண்டிய மின்சாரம் மூன்று அல்லது நான்கு அலகாக, முன்னர் வேண்டியதிற் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குடிநீரின் விலையிலே நுண்பீங்கானுக்கும் பங்குண்டு என்பது இதனாற் புலப்படும்.

காற்றினாற் பிறக்கும் மின்சாரத்திலும் இப்பொருளுக்கு இடமுண்டு. பளைப் பகுதியில் 2014இல் எழுந்த காற்றாலைகளைப் பயணிகள் நெடுந்தூரத்திலிருந்தே காண்பர். காற்றாலையின் மின்பிறப்பாக்கியிலே, சுழலும் தண்டைத் தாங்கும் குண்டுப் போதிகைகளின் வழியே கசிவு மின் பாய்ந்து உருக்குக் குண்டுகளைப் பொத்தல் செய்வதுண்டு. அதனைத் தடுப்பதற்கு உலகெங்கும் சிலிக்கன் நைத்திரைட்டுக் குண்டுகள் பயன்படுகின்றன. அவை மின்னைக் கடத்தாதவை, நிறை குறைந்தவை, மசகு குறைந்த வேளையிலும் எளிதில் இறுகாதவை.

இத்துணை நற்குணமும் உடைய பொருள் எல்லா யந்திரங்களிலும் ஏன் இரும்பின் இடத்தைப் பெறவில்லை என்று வினவலாம். விடை பானைக் கடையிலேயே உண்டு. பானை வாங்கும் பெண்கள் அதனை விரலாற் சுண்டி ஓசை கேட்ட பின்னரே விலை பேசுவர். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் எங்கோ கீறலுண்டு. 1921இல் ஆங்கில அறிஞர் ஏ. ஏ. கிரிபித் கண்ணாடியை ஆராய்ந்து வெளியிட்ட உண்மையும் இதன் விரிவே. உடையக்கூடிய பொருளின் வலிமையைத் தீர்மானிப்பது அதன் பொருள் மாத்திரமன்று. அதிலுள்ள மிகப் பெரிய கீறலே. இழுவிசை முழுவதும் அக்கீறலின் நுனியிற் குவிகின்றது. உலோகத்தில் நுனி நெகிழ்ந்து கொடுக்கும். பீங்கானில் நெகிழ்வில்லை, கீறல் ஓடிவிடும். ஆதலால் ஒரே சூளையில் ஒரே நாளிற் சுட்ட நூறு வளையங்களும் ஒரே வலிமை உடையனவாகா. சுவீடன் அறிஞர் வைபுல் இவ்வேறுபாட்டைக் கணிக்கும் முறையை வகுத்தார். இன்றைய தொழிற்சாலை, பானை வாங்குவோர் விரலாற் செய்ததைக் கேளா ஒலி அலைகளாற் செய்கின்றது. உறுப்பு பணியில் ஏற்கப்போகும் சுமையிலும் கூடிய சுமையை முன்னரே ஏற்றிச் சோதித்து, தளர்ந்தவற்றை ஒதுக்குகின்றது.

கீறலை முற்றாக ஒழித்தல் அரிது என்றால், ஓடும் கீறலைத் தடுத்தல் கூடாதா? 1975இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளான கார்வி, ஹனிங்க், பாஸ்கோ என்போர் சேர்க்கோனியாவில் அதற்கு வழி கண்டனர். சிறிதளவு வேறு ஒட்சைட்டுச் சேர்த்துச் சுட்ட சேர்க்கோனியாவின் மணிகள், கீறல் நெருங்கியதும் தம் பளிங்கு வடிவத்தை மாற்றிச் சற்றே பருக்கின்றன. பருத்த மணிகள் கீறலை இரு மருங்கிலும் நெருக்கி மூடிவிடுகின்றன. தாக்கப்படும் இடத்திலேயே காவல் பிறக்கும் இந்த அமைப்பினால், கத்திகள், பம்பு உறுப்புகள், செயற்கைப் பற்கள் முதலியன சேர்க்கோனியாவில் ஆக்கப்படுகின்றன. சேர்க்கோனியாவின் மூலக் கனிப்பொருளாகிய சேர்க்கன், திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூற்றைல் என்பவற்றோடு கலந்து கிடக்கின்றது. 1957இல் அமைக்கப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனத்தின் காலந்தொட்டு அம்மணல் பிரித்தெடுக்கப்பட்டுக் கப்பலேறிவந்துள்ளது. மணலாகப் போவது, கத்தியாகவும் பல்லாகவும் பன்மடங்கு விலையோடு திரும்பி வருகின்றது.

குடாநாட்டிலேயும் வல்லிபுரம், அம்பன் பகுதிகளில் வெண்மையான சிலிக்கா மணல் உண்டு. அது கண்ணாடிக்கும் சிலிக்கன் சேர்ந்த பொருள்களுக்கும் உகந்தது. இதனைக் கேட்டதும், அள்ளி விற்றாற் செல்வம் பெருகும் என்று முடிவுகட்டுதல் பெரும் பிழையாகும். அந்த மணற்குன்றுகள் மழைநீரை உறிஞ்சி வைத்திருக்கும் தொட்டி. கடல் உட்புகாதபடி நிற்கும் அணை. சுண்ணாம்புக் கல்லின்மேல் ஆறின்றி வாழும் நிலத்துக்கு அத்தொட்டி மணலின் விலையினும் மதிப்புடையது. மேலும் நுண்பீங்கான் தொழிலிற் பெறுமதி மூலப்பொருளின் அளவிலே தங்கியிருப்பதன்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையத்துக்கு வேண்டிய பொடி ஒரு பிடியே. விலையை உயர்த்துவது அதன்மேற் செலவிட்ட அறிவும் பொறுமையுமே.

அப்பொறுமையின் அளவை, உறுப்பு உருவாகும் முறையே காட்டும். மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனான பொடியைச் சிறிது பசையோடு கலந்து, அச்சிலிட்டுப் பேரமுக்கத்தில் அழுத்துகின்றனர். பின்னர் அலுமினாவாயின் ஏறத்தாழ 1600 பாகையிற் சுடுகின்றனர். பொடி உருகுவதில்லை, மணியோடு மணி ஒட்டி இடைவெளி மறைகின்றது. அவ்வேளை உறுப்பு நீளத்தில் ஆறிலொரு பங்கு வரை சுருங்கும். குயவனும் தன் பானை உலர்ந்து சுருங்குவதை அறிந்தே பெரிதாக வனைகின்றான். இங்கும் சுருக்கத்தை முன்கூட்டியே கணித்து அச்சைப் பெரிதாக்க வேண்டும். சுட்டபின் திருத்த வேண்டுமாயின் பெரும்பாலும் வைரப்பொடி கொண்டே அதனைத் தேய்க்க வேண்டும். பொடியிலே விழுந்த ஒரு தூசியும், கைபட்ட ஓர் அழுக்கும் நாளைய கீறலுக்கு வித்தாகும்.

இத்தொழிலுக்குத் தொடக்கம் பெருஞ்சூளையாக இருத்தல் வேண்டும் என்ற நியதியில்லை. தேய்ந்த பம்பு வளையத்தின் முகத்தை வைரப் பசையிட்டுத் தேய்த்து, மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கும் பிசகாத சமதளமாக்குவது ஒரு தனிக் கைத்தொழில். அதற்கு வேண்டியவை சமதளமான தட்டு ஒன்று, வைரப் பசை, ஒருநிற ஒளிவிளக்கு, சோதிக்கும் கண்ணாடி வில்லை ஆகியவை. வில்லையை முகத்தின்மேல் வைத்து விளக்கொளியிற் பார்க்கும்போது தோன்றும் கருவரிகள் நேராக இருந்தால் முகம் சமமானது. வளைந்திருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். எறியப்படும் வளையங்கள் பல இவ்வழியே மறுவாழ்வு பெறும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்திருக்கின்றது. கிளிநொச்சியிலேயே இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவகமும் உண்டு. பாடசாலையில் இரசாயனமும் பௌதிகமும் கற்கும் மாணவர், அப்பாடங்களைப் பரீட்சையின் வாயிலாக மட்டுமன்றிக் கிணற்றடிப் பம்பின் வாயிலாகவும் அறியத் தலைப்படுவரேல், இத்தகைய சிறு பட்டறைகளுக்கு ஆளில்லை என்னும் குறை நேராது.

கைநிறைந்த உத்தியோகமே கல்வியின் பயன் என்ற எண்ணம் குடாநாட்டில் வேரூன்றிய ஒன்று. கையிற் கரிபடுவதை இழிவாக எண்ணிய சமுதாயம், காங்கேசன்துறைச் சூளை அணைந்தபோது தான் இழந்தது எத்துணை என்பதை முழுமையாக உணரவில்லை. இனி வரும் சூளை எவ்வளவு பெரிதாயினும், அதன் உட்கல்லைப் பதிக்கவும், வெடித்த கல்லை இனங்காணவும், பழுதான வளையத்தை மீட்கவும் அறிந்த கைகள் ஊரில் இல்லையெனில், ஒவ்வொரு பழுதுக்கும் பிறநாட்டை எதிர்நோக்கவே நேரும். தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் யந்திரங்கள் இவ்வேளையும் இயங்குகின்றன. அவற்றின் உறுப்புகள் தேயும் நாளில், அவற்றைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்தது இன்னது, தேய்ந்த காரணம் இன்னது என்று சொல்லத்தக்க இளைஞர் பத்துப்பேர் குடாநாட்டிலேயே இருப்பார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.